லிப்ரே ஆபீஸ் டார்க் தீம்: பிடித்திருக்கிறது, ஆனாலும் பக்கத்தை வெள்ளையாக்கிவிட்டேன்

போன வாரம் நண்பர் ஒருவர் போன் செய்தார். "அண்ணே, கம்ப்யூட்டர்ல எழுத்து பளிச்சுன்னு தெரியுது. ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் போட்டா நடுவுல ரெண்டு பத்தி காலியா வருது. பைல் கெட்டுப்போச்சா?" பைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுதவும் கணக்குப் போடவும் உதவும் லிப்ரே ஆபீஸ் மென்பொருளில் டார்க் தீம், அதாவது மெனுவும் பக்கமும் இருட்டாக மாறும் அமைப்பு, போட்டிருக்கிறார். இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய பத்திகள் கறுப்புப் பக்கத்தில் கறுப்பாகக் கிடந்ததால், அவற்றைத் தேர்வு செய்து எழுத்து நிறத்தை வெள்ளையாக மாற்றியிருக்கிறார். திரையில் தெரிந்தது. வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து எப்படித் தெரியும்?

"அப்போ டார்க் தீம் போடலாமா, வேண்டாமா?" என்று கேட்டார். அதற்கு ஒரு வரியில் பதில் இல்லை.

2023 பிப்ரவரியில் வந்த 7.5 பதிப்பிலிருந்துதான் இதில் டார்க் தீம் ஒழுங்காக வேலை செய்கிறது என்பேன். அதற்கு முன்பும் போட முடியும். ஆனால் மெனு ஒரு நிறம், டூல்பார் ஒரு நிறம் என்று இருக்கும். ஐகான்களுக்கு டார்க் வகையை நாமே தேடிப் போட வேண்டியிருக்கும். அந்தச் சில்லறைத் தொல்லைகள் பெரும்பாலும் போய்விட்டன. சிஸ்டம் இருட்டுக்குப் போனால் இதுவும் கூடவே போகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது 'ஆட்டோமேட்டிக்' என்கிற எழுத்து நிறம். புதிதாக ஒரு பைல் திறந்து தட்டினால் வருவது கறுப்பு அல்ல, இந்த ஆட்டோமேட்டிக்தான். பின்னணி வெளுப்பாக இருந்தால் கறுப்பாகவும், இருட்டாக இருந்தால் வெள்ளையாகவும் தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும். லிப்ரே ஆபீஸின் கணக்குத்தாளான கால்க்கில் பார்த்தால் இதன் அழகு புரியும். இருட்டுக் கட்டங்களில் வெள்ளையாக எண்கள் ஓடுகின்றன. பாக்கி வைத்தவர்களின் கட்டத்துக்கு வெளிர் மஞ்சள் அடித்தால், அந்தக் கட்டத்தில் மட்டும் எண் கறுப்பாகிவிடுகிறது. பிரிண்ட் கொடுத்தால் எல்லாம் வெள்ளைத் தாளில் கறுப்பாக, ஒழுங்காக வருகிறது. யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த வேலை.

தலைவலி கடிதம், கட்டுரை தட்டும் ரைட்டரில்தான். இணையப் பக்கங்களிலிருந்து எடுத்து ஒட்டும் எழுத்து தன் நிறத்தையும் கட்டிக்கொண்டு வருகிறது. வலைப்பக்கத்தில் கறுப்பு என்றோ கரும்சாம்பல் என்றோ குறித்திருந்தால், நம் பக்கத்திலும் அதே நிறம். ஆட்டோமேட்டிக் அங்கே தலையிடாது. தலையிடவும் கூடாது, "இது கறுப்பாகத்தான் இருக்க வேண்டும்" என்று ஒருவர் குறித்ததை மென்பொருள் தன்னிஷ்டத்துக்கு மாற்றினால் அது வேறு வம்பு. நியாயம் புரிகிறது. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு, ஒட்டிய பத்தி எங்கே போனது என்று திரையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கும்போது நியாயமாவது ஒன்றாவது.

வழி உண்டு. ஒட்டும்போதே கண்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட், வி நான்கையும் சேர்த்து அழுத்தினால் வெறும் எழுத்து மட்டும் வரும். விரல் பழகும்வரை சிரமம்தான். ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது என்றால் தேர்வு செய்து கண்ட்ரோல் எம். நிறம் சரியாகும், கூடவே நீங்கள் பார்த்துப் பார்த்துப் போட்ட போல்டும் இட்டாலிக்கும் போய்விடும். அவை வேண்டும் என்றால் எழுத்து நிறத்தில் போய் ஆட்டோமேட்டிக்கைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளையை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள், ஜெராக்ஸ் கடைக்காரர் பாவம்.

படங்களிலும் இதே கதை. பின்னணி இல்லாத பிஎன்ஜி படத்தில் கறுப்புக் கோட்டில் வரைந்த வரைபடம் இருந்தால், இருட்டுப் பக்கத்தில் கோடுகள் தெரியாது. இதற்கு எந்த விசையும் உதவாது.

அப்புறம் கண். டார்க் தீம் போட்டால் கண்வலி போய்விடும் என்று பலர் சொல்கிறார்கள். இருட்டறையில் முகத்தில் அடிக்கும் வெளிச்சம் குறைகிறது, அது உண்மை. ஆனால் திரை இருட்டானால் கண்ணின் பாவை விரிகிறது. விரிந்தால் பார்வைக் குறை கூடுதலாகத் தெரியும். என் கண்ணாடியில் சிலிண்டர் பவர் உண்டு, அதாவது கண்ணின் வளைவு சீராக இல்லாததற்குப் போடும் பவர். கறுப்பில் வெள்ளை எழுத்து எனக்குக் கொஞ்சம் கசிந்த மாதிரிதான் தெரிகிறது. சிறிய எழுத்தில் மேலே இருக்கும் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிழை திருத்தும்போது 'க'வா 'க்'கா என்று பார்க்க ஜூம் செய்ய வேண்டியிருக்கிறது. பேட்டரி மிச்சமாகும் என்பதும் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரைக்குத்தான் பொருந்தும். சாதாரண எல்சிடி லேப்டாப்பில் பின்விளக்கு எப்போதும் போல எரிந்துகொண்டே இருக்கும், பக்கம் எந்த நிறமானாலும்.

இவ்வளவு பார்த்த பிறகு மெனு, டூல்பார், ஓரங்கள் எல்லாவற்றையும் இருட்டாக விட்டுவிட்டு, ஆப்ஷன்ஸில் நிறங்கள் பகுதிக்குப் போய் டாக்குமெண்ட் பின்னணியை மட்டும் வெள்ளையாக்கினேன். ஒட்டிய பத்தி தெரிகிறது, வரைபடம் தெரிகிறது, எழுத்தின் மேல் புள்ளியும் ஒட்டாமல் தனியாக நிற்கிறது. தட்டச்சும் திருத்தமும்தான் உங்கள் வேலை என்றால் இப்படியே வைத்துக்கொள்ளுங்கள், நிம்மதி.

ஒரே வருத்தம், ரைட்டருக்கும் கால்க்குக்கும் டாக்குமெண்ட் பின்னணி ஒரே அமைப்பில் இருக்கிறது. தனித்தனியாக வைக்க இடம் கொடுக்கவில்லை. நான் இவ்வளவு புகழ்ந்த அந்த இருட்டுக் கணக்குத்தாளும் சேர்ந்து வெளுத்துவிட்டது.