இலக்கு நிர்ணயக் கூட்டம்: ஒரு தகப்பனின் மதிப்பீடு

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன். அதில் இரண்டு நட்சத்திரம், மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு அம்மாவுக்கு.

திருகோணமலை நகரத்துப் பாடசாலை, பெயர் வேண்டாம். சாதாரண தரப் பரீட்சைக்கான இலக்கைப் பெற்றோர், பழைய மாணவர், ஆசிரியர் எல்லோரும் சேர்ந்து தீர்மானிப்போம் என்று அழைத்திருந்தார்கள். என் மகள் தரம் 11. கடிதம் கூட்டத்துக்கு முதல் நாள் பின்னேரம்தான் கைக்கு வந்தது. கூட்டமோ புதன்கிழமை இரண்டு மணிக்கு. கச்சேரியிலும் (மாவட்டச் செயலகம்) துறைமுகத்திலும் வேலை செய்கிறவர்கள் எப்படி வருவது? கடையைப் பூட்டிவிட்டு வந்த என்னைப் போல நாலைந்து தகப்பன்மார், மற்றதெல்லாம் அம்மாமார். பிறகு "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று அறிக்கை எழுதுவார்கள்.

கையில் தந்த தாளைப் பார்த்ததும் சப்பென்று போய்விட்டது. 'எதிர்பார்க்கும் சித்தி வீதம்' என்ற கட்டத்தில் எண்ணை ஏற்கெனவே டைப் பண்ணியிருந்தார்கள். கீழே 'பெற்றோர் பிரதிநிதி கையொப்பம்'. இந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "வலயக் கல்வி அலுவலகத்தில் அப்படித்தான் எதிர்பார்க்கிறார்கள்" என்றார் கூட்டத்தை நடத்திய சேர். 2006இல் பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் வந்தபோது அபிவிருத்திக் குழுவில் பெற்றோரையும் பழைய மாணவரையும் சேர்த்தது, திட்டம் போடும்போதே கூட இருக்கத்தானே? போட்டு முடித்ததில் ஒப்பம் வைக்க நாங்கள் எதற்கு?

தேத்தண்ணிக்குப் பிறகுதான் கூட்டம் சூடு பிடித்தது. (ரோல்ஸ் நன்றாக இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும்.) கணிதம்தான் பிரச்சினை என்று ஆசிரியை சொன்னார். உயர்தரம் படிக்க ஆறு பாடத்தில் சித்தி வேண்டும், அதில் தாய்மொழியும் கணிதமும் கட்டாயம், மூன்றில் திறமைச் சித்தியும் (C) வேண்டும். ஆகவே மற்றதெல்லாம் நன்றாகச் செய்த பிள்ளையும் கணிதத்தில் கவிழ்ந்தால் அங்கேயே நின்றுவிடும். பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்வதில்லை என்று பேச்சு போய்க்கொண்டிருந்தபோது அந்த அம்மா எழும்பினார்.

"சேர், அவர் விடியக் கடலுக்குப் போயிடுவார், நான் கரையில வாடியில மீன் தரம் பிரிக்க நிக்கோணும். சின்னவளை நேசரியில விட்டுட்டுத்தான் இவன் பள்ளிக்கு வாறான். ஏழரைக்கு எப்பிடி வந்து சேர்றது? முதல் பாடம் கணக்குதானே?"

மண்டபம் அமைதியானது. ஆசிரியை வரவுப் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். பிந்தி வருவோர் பகுதியில் திரும்பத் திரும்ப அதே பெயர்கள். அன்றே நேரசூசியில் கணிதத்தை மூன்றாம் பாடத்துக்கு மாற்றுவதென்று முடிவானது. கணித வகுப்பில் முழுதாக இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையை ஒவ்வொரு தவணையும் பார்ப்பதும் இலக்காகத் தாளில் ஏறியது. பேனாவால் எழுதிய ஒரே வரி அதுதான். ஆனால் யார் எப்போது செய்து முடிப்பது என்று எவரும் குறிக்கவில்லை, அந்தக் குறை குறைதான்.

டைப் பண்ணிய எண்ணை யாரும் மாற்றவில்லை. கையொப்பம் வைக்க என்னைக் கூப்பிட்டார்கள். அந்தப் பேனா வரிக்குப் பக்கத்தில் மட்டும் வைத்தேன், சேர் சிரித்துக்கொண்டார்.

உங்கள் பிள்ளையின் பாடசாலையிலும் இப்படிக் கூப்பிட்டால் கட்டாயம் போங்கள். போகும் முன்னர், போன முறை பாடவாரியாக எத்தனை பேர் சித்தியடைந்தார்கள் என்ற விபரத்தைக் கேட்டு வாங்குங்கள். எங்களுக்குத் தந்தார்கள், ஆனால் கேட்ட பிறகுதான்.