புகையை வானிலிருந்து பார்ப்பது: நாசாவின் வேர்ல்டுவியூ இணையத்தளம், ஒரு மதிப்பீடு

2023ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் ரொறன்ரோவின் வானம் மங்கி, சூரியன் செம்பு நிறத் தட்டுப்போலத் தெரிந்த காலையில், ஸ்காபரோவிலுள்ள எங்கள் வீட்டில் எழுந்த கேள்வி ஒன்றுதான்: யன்னலைத் திறக்கலாமா, கூடாதா? அம்மாவுக்கு ஆஸ்துமா இருப்பதால் அந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியவில்லை. எங்கிருந்தோ வரும் புகை எங்கிருந்து வருகிறது, இன்னும் எவ்வளவு பின்னால் நிற்கிறது என்று தேடியபோதுதான் நாசாவின் வேர்ல்டுவியூ தளம் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு தீப்பருவத்திலும் அதைப் பாவித்து வருகிறேன்.

இத்தளத்துக்குப் பதிவோ கட்டணமோ இல்லை, விளம்பரமும் இல்லை. டெர்ரா, அக்வா, சுவோமி என்பிபி, நோவா-20 முதலான செய்மதிகள் எடுக்கும் படங்கள், பெரும்பாலும் செய்மதி கடந்து சென்ற சில மணித்தியாலங்களுக்குள்ளேயே இங்கே வந்துவிடுகின்றன. அடியிலுள்ள காலக்கோட்டை இழுத்துக்கொண்டு 2000ஆம் ஆண்டு வரை பின்னோக்கிப் போகலாம். என் மதிப்பில் இத்தளத்தின் பெருஞ்செல்வம் இந்தப் பழைய படக்களஞ்சியந்தான்.

அதை அறிய 2023 ஜூன் 7ஆம் திகதியைத் திறந்து பாருங்கள். கியூபெக்கின் காடுகளிலிருந்து கிளம்பும் சாம்பல்பழுப்புப் புகை, கனடாவின் அத்திலாந்திக் கரையருகே சுழன்றுகொண்டிருந்த தாழமுக்கத்தின் மேற்குப் பக்கமாக இழுபட்டு, நேரே தெற்கே இறங்கி நியூயோர்க்கை மூடுவது தெரியும். அந்நகரம் செம்மஞ்சள் வானத்தின் கீழ் மூச்சுத்திணறிய நாள் அது. முகில் வெண்மையாகவும் முண்டும் முடிச்சுமாகவும் இருக்க, புகை வழவழவென்று மெல்லிய துணி விரித்ததுபோல் கிடப்பதைச் சில நாள் பழகினால் பிரித்தறியலாம். அடுத்து, ஒப்பிடும் வசதியைத் திறந்து ஒரு பக்கத்தில் இயல்பான நிறத்தையும் மறுபக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் சேர்த்து ஆக்கும் 7-2-1 என்னும் அலைவரிசைச் சேர்க்கையையும் வைத்து, நடுக்கோட்டை மெல்ல நகர்த்துங்கள். கோடு நகர நகரப் புகை கரைந்துபோய், அதன் கீழே பச்சைக் காடும் எரிந்த நிலத்தின் செம்பழுப்புத் தழும்புகளும் வெளிப்படும். குறுகிய அலைநீள அகச்சிவப்புக் கதிர்கள் புகைத்துகள்களை ஊடுருவிச் செல்வதே இதற்குக் காரணம். அந்த ஆண்டு கனடாவில் சுமார் 15 மில்லியன் ஹெக்டேயர் எரிந்தது என்ற செய்தியை நான் பலமுறை வாசித்திருந்தும், அந்தத் தழும்புகளைக் கண்ட பிறகே அதன் பொருள் எனக்கு உறைத்தது.

தீயைக் குறிக்கும் சிவப்புப் புள்ளிகளில் மட்டும் கவனம் தேவை. ஒரு புள்ளி ஒரு தீயன்று. சுவோமி என்பிபி, நோவா-20 செய்மதிகளிலுள்ள வீர்ஸ் என்னும் படக்கருவியின் கணக்கில் அது 375 மீற்றர் அளவான ஒரு கட்டத்துக்குள் வழமைக்கு மீறிய வெப்பம் இருந்தது என்பதையே சொல்கிறது. எண்ணெய்க் கிணறுகளில் எரியும் வாயுவும் புள்ளியாகலாம், அடர்ந்த முகிலின் கீழ் எரியும் காடு புள்ளியின்றியும் போகலாம்.

புழுதிக்கு வேறு கண் வேண்டும். கடலின் மேல் அது தெளிவாகத் தெரியும். 2020 ஜூனில் சகாராவிலிருந்து அத்திலாந்திக்கைக் கடந்து கரிபியன்வரை சென்ற பெரும் தூசுப்படலத்தை நாள்நாளாக நகர்த்திப் பார்த்தால் நீலக் கடலில் ஒரு பழுப்பு ஆறு ஓடுவதைக் காண்பீர்கள். ஆனால் பாலைவனத்தின் மேல் புழுதியும் மணலும் ஒரே நிறம் ஆகையால் இயல்பான படம் கைவிட்டுவிடும். அங்கே காற்றிலுள்ள துகள்களைப் புறஊதாக் கதிர்களால் கணிக்கும் துகள் சுட்டெண் அடுக்கைப் படத்தின் மேல் சேர்க்க வேண்டும். படம் கரடுமுரடாக இருந்தாலும், சாட் நாட்டின் பொடேலே பள்ளத்தில், திபெஸ்தி, என்னெடி மலைகளுக்கிடையே நெருக்குண்டு பாயும் காற்று, வற்றிப்போன பேரேரியின் நுண்பாசித் தூளை அள்ளிக்கொண்டு போகும் இடம் பளிச்சென்று தெரியும். இப்படிப் பறக்கும் புழுதியோடு சகாராவிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 22,000 தொன், செடிகளுக்கு உரமாகும் பொஸ்பரஸ் அமேசன் காட்டில் இறங்குகிறது என 2015இல் வெளியான ஆய்வு கணித்தது.

இனி இத்தளத்தின் எல்லையைச் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் வீட்டுக் கேள்வி அங்கேதான் நிற்கிறது. இந்தப் படங்கள் தரையிலிருந்து வானுச்சி வரையிலான முழு வளித்தூணையும் ஒன்றாகவே காட்டுகின்றன. புகை எந்த உயரத்தில் இருக்கிறது என்று சொல்வதில்லை. 2023 ஜூன் 26ஆம் திகதி கனடாப் புகை போர்த்துக்கல், ஸ்பெயின் வரை போனது படத்தில் பயமூட்டுவதாக இருந்தபோதும், அது உயரத்தில் மிதந்ததால் தரைக்காற்று பெரிதாகக் கெடவில்லை. மறுபுறம், தரையோடு ஒட்டிப் படர்ந்த புகையை அந்தத் துகள் சுட்டெண் சரியாக உணராமலே விடக்கூடும். உயரத்தை லேசர் கதிரால் அளந்துவந்த கலிப்சோ செய்மதியின் பணி 2023இல் முடிந்துவிட்டது. ஆகவே மூச்சைப் பற்றிய முடிவுக்குக் தரைக்காற்றின் நிலையைச் சொல்லும் கனடா அரசின் காற்றுத்தரச் சுகாதாரச் சுட்டெண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான படங்கள் பகலுக்கு ஓரிரு முறைதான் வருகின்றன. பூமத்தியரேகைக்கு அருகே டெர்ரா, அக்வா படங்களில் நாள்தோறும் விழும் கறுப்பு இடைவெளிகள் இலங்கையையும் தமிழ்நாட்டையும் சில நாட்களில் விழுங்கிவிடும். அங்குள்ளவர்கள் சுவோமி என்பிபி, நோவா-20 படங்களை எடுத்துக்கொள்வது நல்லது. தார்ப் பாலைவனத்தில் எழும் புழுதிப்புயலை மணிக்கு மணி தொடர விரும்புவோருக்கு, அரைமணித்தியாலத்துக்கு ஒருமுறை படமெடுக்கும் இந்தியாவின் இன்சாட் செய்மதிகளே உகந்தவை. தளம் ஆங்கிலத்தில் இருப்பதும், கைப்பேசியில் அடுக்குகளை மாற்றுவது சிரமமாயிருப்பதும் முதியோருக்குத் தடையாகும்.

தீப்பருவத்தில் என் காலைப் பழக்கம் இதுதான்: முதலில் காற்றுத்தரச் சுட்டெண், பிறகு நேற்றைய பிற்பகற்படம். மேற்கிலோ வடக்கிலோ புகைவால் நீண்டு கிடந்தால், நாளும் அடுக்குகளும் அப்படியே பதிந்திருக்கும் அந்த இணைப்பைக் குடும்பக் குழுமத்துக்கு அனுப்பிவிட்டு, மின்விசிறியில் பொருத்திய வடிகட்டியை மாற்றி வைக்கிறேன். அம்மா இப்போது அந்தப் படத்தைத் தானே பெரிதாக்கிப் பார்த்து, “இது நாளைக்கு இஞ்சால வரும் போல கிடக்கு” என்று சொல்லிவிட்டு யன்னலைச் சாத்துகிறார்.