உடம்பெல்லாம் வலி: ரத்தப் பரிசோதனையா, அறிகுறிக் கணக்கா?

உடம்பு முழுக்க நீண்ட நாள் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோயோ என்ற சந்தேகம் வந்ததும் பலர் நேராக லேபுக்குப் போகிறார்கள். மருத்துவரோ உட்கார வைத்துக் கேள்வி கேட்கிறார். எதை நம்புவது?

எதைக் காட்டும்?
ரத்தம்: இந்த நோயை நேரடியாகக் காட்டாது. உடம்பில் அழற்சி இருந்தால் கூடும் ஈஎஸ்ஆர், சிஆர்பி அளவுகள் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். காரணம், அழற்சி அல்ல, நரம்பு மண்டலம் வலியைப் பெருக்கிக் காட்டுவதுதான் இங்கே சிக்கல். வலியைக் கடத்தும் 'சப்ஸ்டன்ஸ் பி' கூடுதலாகத் தெரிந்தது முதுகுத்தண்டு நீரில். அதற்காக யாரும் முதுகில் ஊசி குத்திக்கொள்வதில்லை!
கணக்கு: அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பு 2010இல் தந்த முறை. உடம்பின் 19 இடங்களில் எத்தனையில் வலி, அசதியும் தூக்கக் கோளாறும் மறதியும் எவ்வளவு என்று மதிப்பெண். வலிக்கும் இடங்கள் குறைந்தது 7, மற்ற அறிகுறிகளின் தீவிர மதிப்பெண் குறைந்தது 5 என்று 3 மாதமாவது நீடித்து, வேறு காரணமும் இல்லையென்றால் ஃபைப்ரோமயால்ஜியாதான்.

செலவு
ரத்தம்: பெரிய பேக்கேஜ் என்றால் பர்ஸ் காலி.
கணக்கு: ஆலோசனைக் கட்டணம்.

வீண் பயம்
ரத்தம்: உடம்பு தன்னையே தாக்குகிறதா என்று பார்க்கும் ஏஎன்ஏ பரிசோதனை ஆரோக்கியமானவர்களுக்கும் பாசிட்டிவ் ஆகலாம். அப்புறம் அப்படித் தாக்கும் நோயான லூபஸோ என்ற பயத்தில் இருக்கிற தூக்கமும் போகும்.
கணக்கு: குறைவு. ஆனால் பொறுமையாகக் கேட்கும் மருத்துவர் கிடைக்க வேண்டும்.

மூட்டு வீக்கம், காய்ச்சல், எடைக் குறைவு இருந்தாலோ, 50 வயதுக்கு மேல் புதிதாக வலி வந்தாலோ ரத்தப் பரிசோதனை முதலில். மற்றவர்களுக்கு மதிப்பெண் கணக்கும், கூடவே தைராய்டு, ரத்த அணுக்கள், ஈஎஸ்ஆர் போன்ற சில பரிசோதனைகளும் பெரும்பாலும் போதும்.