நாலு வருஷமாக நொறுக்கும் கார்: பீம்என்ஜி டிரைவ் அனுபவம்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் செகண்ட் ஹேண்ட் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கி, பழைய கம்ப்யூட்டரில் மாட்டிய அன்று இரவே பீம்என்ஜி டிரைவ் என்ற கார் ஓட்டும் கேமை இறக்கினேன். நாலு வருஷம் ஆகிறது. இடையில் ஃபோர்ஸா ஹொரைசன் 5 என்ற கார் ரேஸ் கேமை முழுசாக முடித்தேன், ரெக்ஃபெஸ்ட்டும் நிறைய ஆடினேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கிடைத்தால் கை பீம்என்ஜிக்குத்தான் போகிறது. அதில் கார் இடித்தால் இடித்த மாதிரி இருக்கும்.

அல்சூரில் பள்ளிக்கூடம் விட்டதும் பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டட் ஆடி வளர்ந்தவன் நான். 2005-இல் வந்த கேம். போலீஸ் வண்டி மேல் முழு வேகத்தில் போய் மோதினாலும் நம்முடைய பிஎம்டபிள்யூவில் கண்ணாடி விரிசல் விடும், பெயின்ட்டில் கீறல் விழும், அவ்வளவுதான். கேம் என்றாலே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அதே வரிசையில் 1999-இல் வந்த ஹை ஸ்டேக்ஸில் நிஜக் கம்பெனிகளின் கார்களே அடிபடும், ரிப்பேருக்குக் காசும் கட்ட வேண்டும் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அப்புறம் ஏன் 2005-இல் வெறும் கீறல்?

கார் கம்பெனிகளிடம் வாங்கும் லைசென்ஸைத்தான் பலரும் காரணமாகச் சொல்வார்கள். முழுக் காரணமும் அது இல்லை. காரை உண்மையாக நசுக்கிக் காட்ட கம்ப்யூட்டருக்கு நிறைய கணக்கு போட வேண்டியிருக்கிறது, ரேஸ் பாதியில் நின்றால் ஆடுபவருக்கும் எரிச்சல் வரும். ஆனால் லைசென்ஸ் பெரிய காரணம். காரின் பெயர், லோகோ, வடிவம் எல்லாம் கம்பெனியின் சொத்து. கேமில் வைக்க ஒப்பந்தம் போட வேண்டும். வண்டி எவ்வளவு அடிபடலாம் என்பதும் அந்தப் பேச்சில் வரும். பம்பர் தொங்கலாம், கண்ணாடி உடையலாம். ஆள் உட்காரும் இடம் நசுங்குவதையும் வண்டி தீப்பிடிப்பதையும் கம்பெனிகள் பொதுவாக விரும்புவதில்லை. ரேஸுக்கென்றே செய்த கார்கள் என்றால் கொஞ்சம் தாராளம். 2008-இல் கோட்மாஸ்டர்ஸ் செய்த கிரிட் கேமில் சக்கரமே கழன்று போகும். கிரான் டூரிஸ்மோ என்ற ரேஸ் கேம் வரிசையோ 1997-இல் தொடங்கியது. அதில் கார் அடிபடுவது கண்ணுக்குத் தெரிய 2010-இல் ஐந்தாம் பாகம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பீம்என்ஜி இந்தச் சிக்கலுக்குள்ளேயே போகவில்லை. ஜெர்மனியின் பிரேமன் நகரத்தில் செய்கிறார்கள். இபிஷு, கேவ்ரில், இடிகே என்று கார் கம்பெனிகளை அவர்களே கற்பனை செய்துகொண்டார்கள். பார்த்தால் எங்கோ பார்த்த வண்டி மாதிரி இருக்கும், ஆனால் யாருடைய வண்டியும் இல்லை. ஒவ்வொரு காரும் நிறைய புள்ளிகளும், அவற்றை இணைக்கும் கம்பிகளுமாகக் கட்டப்பட்டது. நொடிக்கு 2000 தடவை அந்த வலை முழுவதையும் கணக்குப் போடுகிறது. ஒரு கம்பி தாங்கும் அளவைத் தாண்டினால் வளைந்து அப்படியே நிற்கும், இன்னும் மீறினால் அறுந்துவிடும். முன்கூட்டியே செய்து வைத்த 'உடைந்த பம்பர்' படத்தை எடுத்து ஒட்டும் வேலை இல்லை. அதனால் நாலு வருஷத்தில் ஒரே மாதிரி இரண்டு விபத்தை நான் பார்த்ததில்லை.

என் தாய்மாமா வில்சன் கார்டன் பக்கம் முப்பது வருஷமாக டிங்கரிங் வேலை செய்கிறவர். போன வருஷம் வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு நாள் போட்டுக் காட்டினேன். இபிஷு கோவெட் என்ற சின்ன ஹேட்ச்பேக்கை 60 கி.மீ. வேகத்தில் கம்பத்தில் விட்டு, ஸ்லோ மோஷனில் ஓட்டினேன். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஸ்கிரீன் பக்கம் குனிந்தார்.

"நிறுத்து, நிறுத்து. இன்னொரு வாட்டி பின்னாடி போ."

பானெட் நடுவில் மடங்கி எழுந்தது. ரேடியேட்டர் பின்னால் போய் இஞ்சினில் உட்கார்ந்தது. இரண்டு ஹெட்லைட்டும் உள்பக்கம் திரும்பின.

"பாரு, கம்பம் நடுவுல பட்டா இஞ்சின் பக்கத்துல இருக்கிற அப்ரன் தகடு உள்ள இழுக்கும். ரெண்டு லைட்டும் ஒண்ணையொண்ணு பாக்கும். கரெக்டா போட்டிருக்கானே! இது என்ன கம்பெனி வண்டி?"

"அப்படி ஒரு கம்பெனியே கிடையாது மாமா, கேமுக்காகச் செஞ்சது."

"அதான் நசுக்க விடறான்."

அடுத்து ஃபோர்ஸாவில் ஒரு நிஜக் காரை 200 கி.மீ. வேகத்தில் சுவரில் விட்டேன். பம்பர் நசுங்கியது, கண்ணாடி விரிசல் விட்டது. மாமா பார்த்தது கதவை. "கதவுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கிற கேப் பாரு, நூலளவு கூட மாறலை. பம்பர் மாத்தி, பட்டி போட்டு பெயின்ட் அடிச்சா ரெண்டு நாள்ல வண்டி வெளிய போயிடும். இந்த ஸ்பீடுல இடிச்ச வண்டி எங்க கடைக்கே வராது."

அந்த கேப்பை அதற்கு முன் நான் கவனித்ததே இல்லை. இப்போது எந்த கேம் ஆடினாலும் முதலில் அங்கேதான் கண் போகிறது.

எனக்கு உண்மையிலேயே புரியாத விஷயம் ஒன்று உண்டு. நம் ஊரில் இன்று கார் விளம்பரம் என்றாலே கிராஷ் டெஸ்ட் ஸ்டார்தான். 2018-இல் டாடா நெக்ஸான் குளோபல் என்சிஏபி என்ற அமைப்பின் கிராஷ் டெஸ்ட்டில் ஐந்து ஸ்டார் வாங்கியதிலிருந்து வாங்குகிறவர்கள் அதைக் கேட்கிறார்கள். 2023 அக்டோபரில் நம் நாட்டின் சொந்த கிராஷ் டெஸ்ட்டான பாரத் என்சிஏபியும் வந்துவிட்டது. 64 கி.மீ. வேகத்தில் வண்டி தடுப்பில் போய் மோதி முன்பக்கம் மடங்குகிற வீடியோவைக் கம்பெனிகளே பெருமையாகப் பகிர்கின்றன. முன்பக்கம் மடங்கி அடியை வாங்கிக்கொள்வதால்தான் உள்ளே இருப்பவர் பிழைக்கிறார். இவ்வளவு நல்ல வேலையைச் செய்துவிட்டு, கேமில் மட்டும் வண்டி மடங்கக் கூடாது என்றால் எப்படி? ஐந்து ஸ்டார் வாங்கிய கார் ஒன்றைப் பீம்என்ஜியில் மோதிப் பார்த்து, கேபின் அப்படியே நிற்பதை ஒரு பையன் தன் கண்ணால் பார்த்தால் அதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டுமா?

ஓட்டும் விதமும் மாறிவிட்டது. ஃபோர்ஸாவில் வளைவில் பிரேக் போடுவதற்குப் பதில் பக்கத்துக் காரில் சாய்ந்து திரும்பும் பழக்கம் எனக்கு இருந்தது. பீம்என்ஜியில் முன் சக்கரம் கல்லில் ஒரு தட்டு தட்டினால் போதும், அப்புறம் ஸ்டியரிங் ஒரு பக்கமாகவே இழுக்கும். ரேடியேட்டர் ஒழுகினால் கொஞ்ச தூரத்தில் இஞ்சின் சூடாகி நின்றுவிடும். இத்தாலி மேப்பின் மலைச்சாலையில் மேலிருந்து கீழே வரை கீறல் இல்லாமல் இறங்க எனக்கு மூன்று வாரம் ஆனது. இறங்கிய அன்று கிடைத்த சந்தோஷம் எந்த ரேஸ் ஜெயித்தும் கிடைத்ததில்லை.

குறைகளும் உண்டு. ஒவ்வொரு காரின் கணக்கையும் பிராசஸர் தனித்தனியாகச் சுமக்கிறது. என்னிடம் ஆறு கோர் பிராசஸர், 16 ஜிபி ரேம். சாலையில் எட்டு வண்டி ஓடவிட்டாலே படம் திக்க ஆரம்பிக்கிறது. நண்பர்களோடு ஆன்லைனில் ஆட கேமுக்குள்ளேயே வழி இல்லை, வெளியார் செய்த பீம்எம்பி என்ற மாட், அதாவது கேமோடு சேர்க்கும் துணை மென்பொருள், போட வேண்டும். இஞ்சின் சத்தமும் சில வண்டிகளில் சப்பென்று இருக்கிறது. போட்டி ரேஸ்தான் வேண்டும், கூடவே வண்டியும் நொறுங்க வேண்டும் என்பவர்கள் ரெக்ஃபெஸ்ட் வாங்குங்கள். பின்லாந்தின் பக்பியர் செய்தது, அதிலும் கற்பனைக் கார்கள்தான்.

இன்னொன்று. ஃபோர்ஸா ஹொரைசன் 4-ஐ 2024 டிசம்பர் 15-இல் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள், லைசென்ஸ் காலம் முடிந்ததால். வாங்கி வைத்தவர்கள் ஆடலாம், புதிதாக யாரும் ஆன்லைன் கடையில் வாங்க முடியாது. என் தம்பி வாங்கலாம் வாங்கலாம் என்று தள்ளிப்போட்டு விட்டுவிட்டான். இபிஷு கோவெட்டுக்கு அந்தக் கெடு எதுவும் இல்லை. மாமா அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறார், பக்கவாட்டில் இடித்தால் வண்டியின் நடுத் தூணான சென்டர் பில்லர் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டுமாம்.