படத்தின் பின்பக்கத்தைக் கேட்ட ஏலக்காரர்கள்

இந்த முறை சென்னைக்குப் போனதில் பாங்கு வேலை முடிந்தது, அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளங்களில் விழாமலும் தப்பினேன். அதிலெல்லாம் எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது ஒரு ஹார்ட்போர்டு அட்டையைப் பற்றி.

அசோக் நகர் ஃபிளாட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள். எழுபதுகளில் கட்டிய எந்த ஃபிளாட்டுதான் சென்னையில் தப்பியது? கட்டி முடிக்கும்வரை அம்மா வாடகை வீட்டுக்குப் போகவேண்டும். கட்டில் யாருக்கு, கிரைண்டர் யாருக்கு என்பதெல்லாம் பேசி முடித்தாயிற்று. கூடத்துச் சுவரில் இருந்த ஓவியம்தான் மிச்சம். சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்து ஓவியர் ஒருவர் 1971இல் வரைந்தது. பெயரைச் சொன்னால் யார் வீட்டுப் படம் என்று சிலருக்குத் தெரிந்துவிடும், வேண்டாம். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் மாணவர்களையும் சக ஓவியர்களையும் சேர்த்துக்கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் அந்தக் கிராமத்தை உண்டாக்கியபோது, படம் விற்றுப் பிழைக்க முடியாது என்று மெழுகு பூசிச் சாயம் போடும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுத்தான் வயிறு கழுவினார்கள். அம்மாவும் அப்பாவும் பாத்திக் திரைச்சீலை வாங்கத்தான் போனார்களாம். வாங்கி வந்தது படம்.

அண்ணனுக்கு சிகாகோவில் சுவர் இருக்கிறது, எனக்கு லண்டனில் சுவர் இருக்கிறது, படம் ஒன்றுதான். விற்றுப் பிரித்துக்கொள்வது என்று முடிவானது. அம்மா இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

லண்டனுக்குக் கொண்டுபோய் விற்றால் என்ன என்று முதலில் யோசித்தோம். சட்டப்படி தடையில்லை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தின்படி ரவிவர்மா, அம்ரிதா ஷேர்-கில், ஜாமினி ராய், தாகூர் குடும்பத்து மூவர் என்று ஒன்பது ஓவியர்களின் படைப்புகளைத்தான் நாட்டைவிட்டு எடுத்துப்போக முடியாது. நம்மவர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் பிரிட்டனில் இறங்கியதும் ஓவியத்துக்கு 5 சதவீத இறக்குமதி வரி, அதற்கு முன் பெட்டி கட்டும் செலவு, இன்ஷூரன்ஸ். அதோடு மெட்ராஸ் ஓவியர்களைத் தேடி ஏலம் கேட்பவர்கள் இந்தியாவில்தான் அதிகம். சரி, இங்கேயே கொடுப்போம் என்று மும்பையில் ஒரு ஏல நிறுவனத்துக்கு எழுதினேன்.

மறுநாளே பதில் வந்தது. லண்டனில் இவ்வளவு சீக்கிரம் பதில் வராது, ஒப்புக்கொள்கிறேன். ஒரு பெண் போனில் பேசினாள், நல்ல மாதிரி, வாய்க்கு வாய் ‘மேம்’. படத்தை முன்னாலிருந்து எடுத்து அனுப்புங்கள் என்றாள், அனுப்பினேன். கையெழுத்தை நெருக்கமாக, அனுப்பினேன். அங்குலத்தில் அளவு, அப்புறம் சென்டிமீட்டரில் அளவு. இயற்கை வெளிச்சத்தில் மறுபடியும் ஒன்று. எஸ்டிமேட் வந்தது, ஒப்பந்த நகல் வந்தது, இதற்குக் கீழே விற்கக்கூடாது என்ற ரிசர்வ் விலை பேசியாயிற்று. எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது வாட்ஸாப்பில் ஒரு வரி: மேம், பின்பக்க போட்டோ வேண்டும்.

லண்டனில் எங்கள் தெருவில் இருக்கும் ஒருவர் தன் தாத்தா வீட்டுப் படம் ஒன்றை மதிப்பிடக் கொண்டுபோனபோது துணைக்குப் போயிருக்கிறேன். அங்கே இருந்த அம்மாள் படத்தின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. வாங்கியதும் மேசையில் குப்புறக் கவிழ்த்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். கான்வாஸின் வயது, ஆணி, பழைய காலரி ஒட்டிய சீட்டு, யாரோ பென்சிலில் கிறுக்கிய எண், எல்லாம் அங்கேதான் இருக்கும் என்றார். அது அவர் செய்த முதல் வேலை. நம் ஊரில் அது கடைசி வேலை.

எங்கள் படத்தின் பின்பக்கத்தைக் கண்டவர் யாருமில்லை. தொண்ணூறுகளில் மரச்சட்டம் உளுத்துப்போய், தி.நகரில் சாமி படத்துக்கும் கல்யாண போட்டோவுக்கும் ஃபிரேம் போடும் கடையில் கொடுத்து மாற்றியிருக்கிறார் அப்பா. அவர்கள் தங்கள் வழக்கப்படி முன்னால் கண்ணாடி போட்டு, பின்னால் ஹார்ட்போர்டு வைத்துச் சுற்றிலும் ஆணி அடித்து, அதன்மேல் பழுப்புக் காகிதத்தையும் ஒட்டிவிட்டார்கள். எண்ணெய் வண்ணப் படத்துக்குக் கண்ணாடி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

‘பிரித்துப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள் மேம், சிம்பிள்தான்.’ ஐம்பது வயது தாண்டிய கான்வாஸை நான் சமையலறைக் கத்தியால் பிரிக்கவேண்டும்! உங்கள் ஆளை அனுப்பக்கூடாதா என்றேன். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் ஆள் வருவார். ஒப்பந்தத்துக்குப் பின்பக்க போட்டோ வேண்டும். போட்டோவுக்குப் பிரிக்கவேண்டும். இந்த வட்டத்துக்குள் சில நாள் சுற்றினேன். லண்டனாக இருந்தால் ஒரு புகார்க் கடிதம் போட்டிருப்பேன். இங்கே அவள் அனுப்பும் பூங்கொத்துப் படங்களுக்கு நடுவே கோபப்படவும் முடியவில்லை.

கடைசியில் கே.கே. நகரில் ஒரு ஃபிரேம் கடைக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். படத்தை மேசையில் வைத்துச் சுற்றிவந்து பார்த்தார். குறடு எடுத்தார், காகிதத்தை ஓரத்தில் பிளேடால் கீறினார், ஒவ்வொரு ஆணியாக நெம்பி ஒரு டப்பாவில் போட்டார். ஒன்றுகூடச் சிதறவில்லை. நல்ல கை என்று நான் மனதுக்குள் பாராட்டிக்கொண்டிருக்கும்போதே, கண்ணாடியை எடுத்துவிட்டு ஒரு துணியை எதிலோ நனைத்துக்கொண்டு படத்தின் முகத்தை நோக்கி வந்தார்.

‘அண்ணே, என்ன பண்றீங்க?’

‘அழுக்கு ஏறியிருக்கும்மா. லேசாத் துடைச்சா புதுசு மாதிரி ஆயிடும். காசு வேணாம், நம்மளே பண்ணித் தர்றேன்.’

நான் கையைப் பிடித்துவிட்டேன். ஏலத்தில் கண்டிஷன் ரிப்போர்ட் என்று ஒன்று உண்டு. யார் எப்போது துடைத்தார்கள், எங்கே வண்ணம் பூசித் திருத்தினார்கள் என்று புறஊதா விளக்கடித்துப் பார்ப்பார்கள், புதிதாகத் தொட்ட இடம் தனியாகத் தெரியும், விலை விழும். இதையெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது? பழசாக இருந்தால்தான் விலை என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ‘வெளிநாட்டுல இருந்து வந்திருக்கீங்களா?’ என்றார். அதில் அனுதாபம் இருந்தது.

சரி, அட்டையைத் தூக்கினோம். உள்ளே 1993ஆம் வருஷத்துத் தமிழ் தினசரி ஒன்று மெத்தை மாதிரி மடித்து வைக்கப்பட்டிருந்தது. செய்தித்தாளில் அமிலம் அதிகம்; பட்ட இடமெல்லாம் கான்வாஸின் பின்புறம் பழுப்பேறிவிட்டது. அதற்குக் கீழே, நல்லவேளை, ஓவியரின் பெயர், 1971, தலைப்பு, ஒரு கண்காட்சிச் சீட்டு பாதி கிழிந்து. பலவிதமாக எடுத்து அங்கேயே நின்று அனுப்பினேன். கடைக்காரர் கான்வாஸைப் பழைய சட்டத்திலேயே பொருத்தி, கேட்காமலேயே அட்டைக்கும் துணிக்கும் இடைவெளி விட்டு, காற்றுப் போக மூலையில் ஓட்டை வைத்துக் கொடுத்தார். எங்கள் பக்கத்து ஃபிரேமர் இதற்கு எண்பது பவுண்டு கேட்டிருப்பார். இவர் வாங்கியது ஆட்டோ செலவைவிடக் குறைவு.

பதில் வந்தது: ‘தாங்க்யூ மேம். பில் இருக்கிறதா?’

ஏலக்காரர்களைக் குறை சொல்ல முடியாத இடமும் இதுதான். இந்திய நவீன ஓவியத்தில் போலி அந்த அளவுக்கு மலிந்திருக்கிறது. 2009இல் ஓவியர் எஸ்.எச். ரஸா டெல்லியில் தன் படங்களின் கண்காட்சியைத் திறந்துவைக்கப் போய், சுவரில் இருந்தவை தன்னுடையவை அல்ல என்று கண்டுபிடித்தார். 2011இல் கொல்கத்தா அரசு ஓவியக் கல்லூரியில் ரவீந்திரநாத் தாகூர் வரைந்ததாகக் காட்டிய படங்கள் போலி என்று தெரியவந்தது. ஆகவே நிலத்துக்கு மூலப் பத்திரம் கேட்பதுபோல் படத்துக்கும் கைமாறிய வரலாறு கேட்கிறார்கள். யார் வரைந்தார், யார் வாங்கினார், எங்கே காட்டப்பட்டது, யாரிடம் போனது. நியாயம்தான். முதல் நாளே கேட்டிருக்கலாம் என்பதுதான் என் வழக்கு.

பில் இல்லை. ஓவியர் காலமாகிவிட்டார். அப்பாவும் இல்லை. அப்படியானால் உரிமை யாருடையது? வாரிசுச் சான்றிதழ், அண்ணனின் சம்மதக் கடிதம், என் வெளிநாட்டு வசிப்பைக் காட்டும் ஆவணம் என்று பட்டியல் நீண்டது. ஆடிட்டர் இன்னொரு பக்கம் பயமுறுத்தினார். ஓவியம் விற்றால் மூலதன ஆதாய வரி உண்டு, தங்கள் வீட்டுச் சாமான்தானே என்று தப்பிக்க முடியாது, விற்பவர் என்.ஆர்.ஐ. என்றால் பணம் கொடுக்கும்போதே வரி பிடித்துவிடுவார்கள், மிச்சம் வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கில் விழும், அதை லண்டனுக்கு அனுப்ப வேறு படிவங்கள். மேசை நிறையக் காகிதம்.

அப்போதுதான் அம்மா உள்ளே போய் ஒரு பழைய டயரியைக் கொண்டுவந்து வைத்தாள். வீட்டுக் கணக்கு. பால், மளிகை, பள்ளிக் கூட்டுறவுச் சங்கக் கடன், நடுவே மாதாமாதம் ‘சோழமண்டலம் படம், தவணை’. கடைசித் தவணைக்குப் பக்கத்தில் ஓவியரே போட்ட கையெழுத்து.

‘படத்துக்குக் காசு கொடுத்தது என் டீச்சர் சம்பளம்டி. உங்கப்பா பஸ்ஸில தூக்கிட்டு வந்தாரு, அவ்வளவுதான்.’

ஆடிட்டர் சிரித்துவிட்டார். விற்பவர் அம்மா, உள்ளூர்வாசி, வாரிசுச் சான்றிதழும் வேண்டாம், என்.ஆர்.ஓ.வும் வேண்டாம். முத்திரைத்தாளில் ஒரு உறுதிமொழி, நோட்டரி கையெழுத்து, ஒரே காலைப்பொழுதில் முடிந்தது. ஏல நிறுவனம் டயரிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஆனந்தக் கூத்தாடியது. கேட்டலாக்கில் போடலாமா என்றுகூடக் கேட்டார்கள். பால் கணக்கை மறைத்துவிட்டுப் போடுங்கள் என்றாள் அம்மா.

கேட்டலாக் வந்தது, அச்சும் தாளும் லண்டன் தரம். ஆனால் புரட்டிப் பாருங்கள். ஹுசைன், ரஸா, சூஸா என்று பம்பாய்க்காரர்களுக்குப் பக்கம் பக்கமாகக் கட்டுரை. மெட்ராஸுக்கு அரைப் பக்கம். விலையும் அப்படித்தான். 2023இல் அம்ரிதா ஷேர்-கில்லின் ஒரு படம் 61.8 கோடி ரூபாய்க்குப் போனது. 2025 மார்ச்சில் நியூயார்க்கில் ஹுசைனின் ‘கிராம யாத்திரை’ 1.37 கோடி டாலரைத் தாண்டியது. நம்மவர்கள் அந்தப் பக்கமே எட்டிப்பார்ப்பதில்லை. 1850இலிருந்து ஓவியக் கல்லூரி வைத்திருக்கும் ஊரில், வாங்கவும் விற்கவும் மும்பையையும் டெல்லியையும் பார்த்து நிற்கிறோம்.

ஏலம் ஆன்லைனில். நான் லண்டனில் ஆபீஸ் மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி நிமிஷத்தில் யாராவது கேட்டால் நேரம் தானாக நீளும். இருவர் விடாமல் மோதினார்கள். எஸ்டிமேட்டின் மேல் எல்லையைக் கொஞ்சம் தாண்டி முடிந்தது. அந்த விலைக்கு மேல் வாங்கியவர் தலையில் ஏல நிறுவனத்தின் கட்டணமான பிரீமியம், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. படத்துக்கான வரியையாவது 2025 செப்டம்பரில் 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். அம்மாவிடம் போனில் தொகையைச் சொன்னேன். அண்ணனுக்கும் எனக்கும் பங்கு என்று பேசியதை அவள் எடுக்கவே இல்லை; நாங்களும் எடுக்கவில்லை.

ஒன்றே ஒன்றை மட்டும் கேட்டாள், ஓவியர் வீட்டுக்கு ஏதாவது போகுமா என்று. நியாயமான கேள்வி. பிரிட்டனில் மறுவிற்பனை உரிமை நடைமுறையில் இருக்கிறது; 50,000 பவுண்டு வரை 4 சதவீதம், ஏலக்காரரே கணக்குப் போட்டு வசூல் சங்கத்துக்குக் கட்டிவிடுவார், ஓவியர் இறந்து 70 ஆண்டுவரை வாரிசுக்குக் கிடைக்கும். நம் பதிப்புரிமைச் சட்டத்திலும் 53ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. 10,000 ரூபாய்க்கு மேல் விற்றால் ஓவியருக்கோ வாரிசுக்கோ பங்கு, அதிகபட்சம் 10 சதவீதம். சட்டத்தில் இருப்பதை யார் வசூலித்து யாரிடம் கொடுப்பது? அந்தப் பெண்ணிடம் கேட்டேன். இந்தக் கேள்வியை இதற்கு முன் யாரும் கேட்டதில்லை மேம், லீகலில் விசாரித்துச் சொல்கிறேன் என்றாள். இன்னும் சொல்லவில்லை. பூங்கொத்துப் படங்கள் மட்டும் தினம் காலையில் தவறாமல் வந்துகொண்டிருக்கின்றன.