ரீசனிங் பயிற்சி: புத்தகமா, பழைய வினாத்தாளா, மாக் டெஸ்டா?

போட்டித் தேர்வுகளில் வரும் ரீசனிங்குக்கு, அதாவது தர்க்கத் திறன் கேள்விகளுக்கு, எதை வைத்துப் பயிற்சி எடுப்பது என்று கேட்டால் மூன்று கட்சிகள் கிளம்பும். தடிமனான புத்தகம் ஒன்றை வாங்கி முதல் பக்கத்திலிருந்து போட்டு முடி என்பார் ஒருவர். பழைய வினாத்தாளைத் தவிர எதையும் தொடாதே என்பார் இன்னொருவர். செயலியில் சந்தா கட்டி தினம் ஒரு மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) எழுது என்பார் மூன்றாமவர். மூவருமே தேர்ச்சி பெற்ற ஆட்களைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். அந்த ஆட்கள் எழுதியது எந்தத் தேர்வு என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. என் கணக்கில் அதைக் கேட்டுவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது.

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், 3 மணி நேரம். சராசரியாக ஒரு கேள்விக்கு 54 விநாடி. திறனறிவுப் பகுதி 25 கேள்விதான். அதில் சதவீதம், வட்டி, வேலையும் நேரமும் போன்ற கணக்குகள் போக மிச்சம் இருப்பதே ரீசனிங். நெகட்டிவ் மார்க் கிடையாது. பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐபிபிஎஸ் தேர்வின் பிரிலிம்ஸை, அதாவது முதல்நிலைத் தேர்வை, எடுத்துக்கொண்டால் 35 ரீசனிங் கேள்விக்கு 20 நிமிடம், அதாவது ஒன்றுக்கு 34 விநாடி. தவறான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் போகும். 20 நிமிடம் முடிந்ததும் திரை தானாக அடுத்த பகுதிக்குத் தாவிவிடும், திரும்பி வர முடியாது. மத்திய அரசுப் பணிக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் முதல் நிலையில் 60 நிமிடத்தில் 100 கேள்வி, அதில் 25 ரீசனிங். ரயில்வே என்டிபிசி முதல் கட்டத்தில் 90 நிமிடத்தில் 100, அதில் 30 ரீசனிங். எல்லாவற்றுக்கும் பெயர் ரீசனிங்தான் என்றாலும், கேட்பது ஒரே திறமையை அல்ல.

முதலில் புத்தகம். அதன் பலம் அடிப்படை. பகடைக் கணக்கையே பாருங்கள். ஒரே பகடையின் இரண்டு படங்கள் தந்திருக்கிறார்கள். முதல் படத்தில் 2, 3, 5 தெரிகிறது, இரண்டாவதில் 2, 3, 6. இரண்டிலும் பொதுவாக இரண்டு எண்கள் இருந்தால், மிஞ்சிய எண்கள் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம். ஆக 5-க்கு எதிரே 6. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டினால் 7 வரும் என்று லூடோ பகடை நினைப்பில் இருப்பவர், 5-க்கு எதிரே 2 என்று குறித்துவிட்டுப் போவார். இந்த மாதிரி விதிகளை ஒரே இடத்தில், ஒரே வகைக் கேள்விகளாக இருபது முப்பது போட்டுப் பழகப் புத்தகத்தைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் புத்தகத்துக்கு வயசாகும். வங்கித் தேர்வின் சிலாஜிசத்தில் (தந்த கூற்றுகளிலிருந்து எந்த முடிவு வரும் என்று கேட்பது) இப்போது ‘ஒன்லி எ ஃப்யூ’ என்று தொடங்கும் கூற்றுகள் சாதாரணம். சில பேனாக்கள் பென்சில்கள், சில பேனாக்கள் பென்சில்கள் அல்ல என்று இரண்டு தகவலையும் சேர்த்துச் சொல்வது அது. அதனால் ‘எல்லா பேனாக்களும் பென்சில்களாக இருக்க வாய்ப்புண்டு’ என்ற முடிவு அங்கே தப்பு. வெறும் ‘சில’ என்றிருந்தால் அதே முடிவு சரி. பழைய பதிப்புகளில் இந்த வேறுபாடே இருக்காது. கடிகாரம், நாட்காட்டி, ஒப்புமை என்று நூறு பக்கம் ஓடியிருக்கும். வங்கித் தாளிலோ பாதிக்கு அருகில் பஸிலும் (நிபந்தனைகளை வைத்து விடுவிக்கும் புதிர்) சீட்டிங் அரேஞ்ச்மெண்டும் (யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று கண்டுபிடிப்பது)தான் உட்கார்ந்திருக்கும்.

புத்தகத்தின் இன்னொரு குறை பலர் கண்ணில் படாதது. எட்டுப் பேர் வட்ட மேசையைச் சுற்றி மையத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். கீதாவின் இடப்பக்கம் இரண்டாவதாக ரவி. ரவிக்கும் மாலாவுக்கும் நடுவே மூன்று பேர். எட்டு நாற்காலி என்பதால் எந்தப் பக்கம் எண்ணினாலும் மாலா ரவிக்கு நேர் எதிரே, இதுவரை குழப்பமில்லை. அடுத்து, மாலாவின் பக்கத்தில் குமார். எந்தப் பக்கம்? இங்கே இரண்டு வட்டம் வரைய வேண்டும். ‘குமார் கீதாவுக்குப் பக்கத்தில் இல்லை’ என்ற நிபந்தனை வரும்போதுதான் ஒரு வட்டத்தை அடிக்கலாம். அந்த நிபந்தனை கடைசி வரியில் வந்தால், அதுவரை இரண்டையும் இழுத்துக்கொண்டே போக வேண்டும். புத்தகத்தின் விளக்கத்தில் பெரும்பாலும் இறுதி வட்டம் மட்டும் அழகாக அச்சாகியிருக்கும். எந்த இடத்தில் பிரிந்தது, எப்போது ஒன்றைக் கைவிடுவது என்பது அதில் இருக்காது. தவிர, புத்தகத்தில் கேள்வியின் மேலேயே பென்சிலால் கோடு போட்டுப் பழகியவர், திரையைப் பார்த்துப் பார்த்து ரஃப் ஷீட்டில் வரையும்போது தடுமாறுவார்.

பழைய வினாத்தாளுக்கு வருவோம். டிஎன்பிஎஸ்சி எழுதுகிறவருக்கு இதுதான் முதல் வழி, இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆணையமே வினாத்தாளையும் உத்தேச விடைகளையும் தன் இணையதளத்தில் போடுகிறது, காசு செலவில்லை. எண் வரிசை, எண்-எழுத்துக் குறியீடு, பகடை, படம் சார்ந்த கேள்விகள் என்று வகைகள் குறைவு. நாலைந்து தாள் போட்டாலே கேட்கும் தோரணை பிடிபட்டுவிடும். எஸ்எஸ்சிக்கும் ரயில்வேக்கும்கூட இது பொருந்தும். அங்கே பல ஷிப்டுகளாகத் தேர்வு நடப்பதால் ஒரே ஆண்டின் தாள்களே மலைபோல் கிடைக்கும், ஒரே அச்சில் வார்த்த கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். ஒரே நிபந்தனை, டைமர் வைத்துப் போட வேண்டும். டீ குடித்துக்கொண்டே விடையை எட்டிப் பார்த்துப் போட்டால் அதற்குப் பெயர் வாசிப்பு.

வங்கிக்கு மட்டும் இந்த வழி அடைபட்டிருக்கிறது. ஐபிபிஎஸ் வினாத்தாளை வெளியிடுவதில்லை. கடையிலும் இணையத்திலும் கிடைக்கும் ‘மெமரி பேஸ்டு’ தாள்கள், எழுதியவர்கள் வெளியே வந்து நினைவிலிருந்து சொன்னதை வைத்துத் தொகுத்தவை. எத்தனை பஸில் வந்தது, எந்த வகை என்பதற்கு அவை உதவும். ஒரு நிபந்தனை விட்டுப்போனால் பஸிலே விழுந்துவிடும் என்பதால், வரிக்கு வரி நம்பிப் போட லாயக்கில்லை.

ஆகவே வங்கிக்கு மாக் டெஸ்ட் தவிர்க்க முடியாதது. அங்கே சோதிப்பது எதை விடுவது என்ற முடிவையும்தான். மேலே சொன்ன வட்ட மேசைக் கணக்கில் இரண்டு வட்டம் மூன்றாகப் பிரியும்போது, அதை அப்படியே விட்டுவிட்டு ஏற்றத்தாழ்வுக் குறி (>, < போன்றவை) கேள்விகளுக்குப் போகிற துணிச்சல் வேண்டும். ஓடுகிற கடிகாரத்துக்கு முன்னால் உட்காராமல் அது வராது. டெஸ்ட் முடிந்ததும் செயலி காட்டும் கணக்கில் நான் முதலில் பார்க்கச் சொல்வது ரேங்கை அல்ல. நேரம் நிறையத் தின்றும் விடை தப்பாகிப்போன கேள்விகள் எவை என்பதை. ரேங்க் காட்டும் கூட்டத்தில் பாதிப் பேர் விளையாட்டாக எழுதியவர்கள்.

செயலிகளின் தொல்லைகளும் இருக்கின்றன. கேள்வியை வேண்டுமென்றே கடினமாக்கி, மதிப்பெண் குறைந்தவரைப் பயமுறுத்தி அடுத்த தொகுப்பை விற்பது ஒரு வியாபார உத்தி. தமிழாக்கம் சில இடங்களில் கண்றாவி. வங்கி கிளார்க் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பதால் இது சின்ன விஷயமில்லை. அதிகாரிப் பணிக்கான பிஓ தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான், அதை எழுதுகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

யூடியூப் ஷார்ட்கட் வீடியோக்களை இந்தப் போட்டியில் நான் சேர்க்கவே இல்லை. சிக்கிய தலைப்புக்கு ஒன்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

நம் ஊரில் ஒரே ஆள் குரூப் 4, ரயில்வே, வங்கி மூன்றுக்கும் விண்ணப்பிப்பதுதான் வழக்கம். அவர் முதலில் புத்தகத்தில் பகடை, திசை, இரத்த உறவு, சிலாஜிசம், எளிய சீட்டிங் வரை மட்டும் முடிக்கட்டும். அட்டை முதல் அட்டை வரை வேண்டாம். அப்புறம் டிஎன்பிஎஸ்சி, ரயில்வே தாள்கள். வங்கித் தேர்வு நெருங்கும்போது மாக் டெஸ்ட். புத்தகத்தை வாங்கக்கூட வேண்டியதில்லை; கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மாவட்ட மைய நூலகங்களிலும் போட்டித் தேர்வு நூல்கள் இருக்கின்றன. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் வகுப்பும் இலவசம். காசு போட வேண்டிய ஒரே இடம் வங்கிக்கான செயலிச் சந்தா. அதிலும் கட்டுவதற்கு முன் இலவச டெஸ்ட் ஒன்றை நீங்கள் தேர்வெழுதப் போகும் மொழியிலேயே போட்டு, தப்பான நாலு விடைகளின் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். இறுதி வட்டத்தை மட்டும் காட்டினால் வேறு செயலி தேடலாம்.