இருவாச்சியின் முகமும் நாலு வருஷத்து ரோட்டரி மெஷினும்

கேரளத்துக் கொல்லங்கோட்டில் இருந்துகொண்டு மரத்தில் பறவை செதுக்கினால், "வேழாம்பல் உண்டா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கேரளத்தின் மாநிலப் பறவை ஆயிற்றே, நம் இருவாச்சிக்குத்தான் மலையாளத்தில் அந்தப் பெயர். நான் செதுக்குவது குமிழ் மரத்தில். இங்கே கும்பிள் என்பார்கள். உடம்பும் வாலும் உளியிலேயே முடிந்துவிடும். முகத்துக்காக மட்டும் நாலு வருஷம் முன்பு ஒரு கையடக்க ரோட்டரி மெஷின் வாங்கினேன், முனையில் மாட்டும் பிட் சுழன்று மரத்தைக் குடையும் கருவி, மூவாயிரத்துச் சொச்சம். குறையும் சொல்லப் போவதால் கம்பெனி பெயர் வேண்டாம்.

கண்குழி எடுக்க இதற்கு ஈடில்லை. உளி வைத்தால் இழைவாக்கில் பிளந்து கன்னமே பெயர்ந்துவிடும். உருண்டை பிட்டில் பத்து நிமிஷ வேலை. அலகின் மேலுள்ள தொப்பியும் அப்படித்தான். அதன் உச்சி மொழுக்கென்று இருக்காது. நடுவில் பள்ளம், இரு ஓரமும் மேடு, முன்பக்கம் இரண்டு முனை. அந்தப் பள்ளம் இந்த மெஷினில் வழுவழுவென்று வரும்.

வேகம்தான் வினை. நிமிஷத்துக்கு 35,000 சுற்று என்று பெட்டியில் பெருமையாகப் போட்டிருந்தது. முகத்துக்கு நான் 15,000 தாண்டுவதில்லை. தாண்டினால் மரம் கருகி, மஞ்சள் பெயின்டுக்கு அடியிலும் கறையாகத் தெரியும். பிட்டில் தூள் அடைத்தாலும் கருகும்; பழைய ரப்பர் செருப்பில் ஓடவிட்டுத் துடைத்துக்கொள்கிறேன். முகமூடி இல்லாமல் உட்காராதீர்கள், மைதா மாதிரித் தூள்.

மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் இரண்டு முறை தேய்ந்தது. மிக்ஸி ரிப்பேர் கடைக்காரர் வேறொன்றைத் தேய்த்து அளவாக்கிப் போட்டார், ஓடுகிறது. மூன்றாம் வருஷம் பிட் பிடிக்கும் வாய் தளர்ந்து ஆட ஆரம்பித்தது. வட்டமாக வரவேண்டிய குழி முட்டையாக வந்தது. பக்கத்துப் பட்டறைப் பெரியவர் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, இதுக்கு ஒரு கண்ணு தூங்குது?" என்றார். அப்புறம் வாய்ப்பகுதியை மாற்றினேன். கண்ணாடிக் கண் பொருத்தும் முன் முகத்தை நிலைக்கண்ணாடியில் காட்டிப் பார்க்கும் பழக்கமும் அன்று வந்ததுதான். நேரில் தெரியாத கோணல் அதில் பளிச்சென்று தெரியும்.

இமைக்கு மெஷின் உதவாது. ஊசி பிட்டில் முயன்றேன், ஓரம் பிய்ந்து நார் நாராக நின்றது. இப்போது ஓட்டை அடைக்கும் எம்-சீல் பசையை நூலாகத் திரித்துக் கண்ணைச் சுற்றி ஒட்டி, ஈரப் பல்குச்சியால் சுருக்கம் போடுகிறேன். இருவாச்சிக்கு இமைமுடி உண்டு. உண்மையில் அதுவும் சிறகின் மாற்று வடிவம்தான். அதற்குப் பழைய பெயின்ட் பிரஷின் மயிரை வெட்டி ஒட்டினால் போதும்.

இன்னொன்று, இது மெஷின் குற்றமில்லை. ஆணுக்குச் சிவப்புக் கண், சுற்றிக் கறுப்புத் தோல். பெண்ணுக்கு வெளிறிய வெள்ளைக் கண், சுற்றிச் சிவப்பு. என் முதல் பறவைக்குக் கண்ணும் சிவப்பு, தோலும் சிவப்பு! வாங்கிப் போனவர் இன்னும் கவனிக்கவில்லை.

மறுபடி வாங்குவேனா? வாங்குவேன், குழிக்கும் தொப்பிக்கும் மட்டும். மேசையில் இப்போது ஒரு பெண் இருவாச்சி இருக்கிறது. இடது இமை இன்னும் காயவில்லை.